கொழுப்பு ரிப்போர்ட்டும் களி உருண்டையும்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

போன இதழ்ல "கொலஸ்ட்ரால், இதயம் பத்தி கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டோம், அதுக்கு இவ்ளோ வரும்னு நான் நெனைக்கல. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் வந்திருக்கு. பாதி பேரு லேப் ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சு அனுப்பிட்டு "சார் இது ஓகேவா"ன்னு மட்டும் கேட்டிருக்கீங்க. வயசு இல்ல, சுகர் இருக்கான்னு இல்ல, பீடி சிகரெட்டு பத்தி ஒரு வார்த்த இல்ல. அந்த தாள மட்டும் வெச்சு நான் என்னத்த சொல்ல? ஆளப் பத்தியும் எழுதுனவங்க கேள்விய மட்டும் இங்க எடுத்திருக்கேன்.

"வயசு 46, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கேன். முகாம்ல ரத்தம் எடுத்தாங்க. மொத்த கொலஸ்ட்ரால் 238, எல்டிஎல் 158, எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 220. மாத்திர ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணும்ங்கறாங்க, சாப்பாட்டுலயே கொறைக்க வழி இருக்கா? அப்பா 52 வயசுல நெஞ்சு வலி வந்து தவறிட்டாரு. எனக்கு நாளைக்கு ஒரு கட்டு பீடி ஆகும்."

நீங்க எழுதுன வரிசைய பாருங்கண்ணா. நம்பர் நாலையும் மொதல்ல எழுதிட்டு அப்பாவையும் பீடியையும் கடைசில வெச்சிருக்கீங்க, நான் அத கீழ இருந்து மேல படிக்கறேன்.

கொலஸ்ட்ரால் விஷம் கெடையாது. ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சுவரு கட்ட அது வேணும், பித்தநீர், சில ஹார்மோன், விட்டமின் டி எல்லாம் அத வெச்சுதான் ஒடம்பு செய்யுது. அதுல பெரும்பகுதிய நம்ம ஒடம்பே தயார் பண்ணிக்குது, தட்டுல இருந்து வர்றது கொஞ்சந்தான். எல்டிஎல்ங்கறது, கெட்ட கொழுப்புன்னு சொல்றோமே அது, கொலஸ்ட்ரால ஏத்திட்டு ரத்தத்துல ஓடற லாரி. உங்களுக்கு சொல்லணுமா, மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரி வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குமே, உள்ள எறக்க ஆளு பத்தலன்னா ரோட்டுலயேதான் நிக்கும். கல்லீரல்ல எல்டிஎல்ல புடிச்சு எறக்கறதுக்குன்னு கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கு, அது கம்மியா இருந்தா இல்ல நாம நெய்யி, பாமாயில், கொழுப்புக்கறின்னு தின்னு அத கொறைச்சுக்கிட்டா லாரிங்க ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும்.

சுத்தட்டும், அதுக்கென்னன்னு கேப்பீங்க. நம்ம ஊரு போர் தண்ணி பைப்புல உப்பு படியற மாதிரி ரத்தக்குழாய்ல கொழுப்பு படியுதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க, அது அப்படி இல்ல, குழாயோட சுவத்துக்குள்ள பூந்து தங்குது, வெளிய பூச்சு நல்லா இருக்கும் உள்ள கரையான் புடிச்ச சுவரு மாதிரி. பீடிப் புகை, பிரஷர், சுகர் இதுங்க எல்லாம் அந்த பூச்ச கீறி விடுது, உள்ள போன கொழுப்பால அங்க புண்ணு மாதிரி ஆகுது, ஒரு நாள் பூச்சு உரிஞ்சா அந்த எடத்துல ரத்தம் கட்டி நிமிஷத்துல குழாய் மூடிக்கும், அதான் மாரடைப்பு. முப்பது நாப்பது பர்சன்ட் அடைப்பு கூட இப்படி உரியலாம். போன மாசம் ட்ரெட்மில் ஓடி "நார்மல்"னு வாங்கிட்டு வந்தவரு இந்த மாசம் போய்ட்டாருன்னு கேள்விப்படறோமே, அது இதனாலதான்.

52 நாடுகள்ல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல வந்துச்சு. மொத மாரடைப்புல பத்துக்கு ஒம்போது பங்கு வழக்கமான ஒம்போது காரணத்துலயே அடங்கிருதுன்னு சொன்னாங்க. கெட்ட கொழுப்பு, புகை, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய் பழம் தின்னாதது, நடக்காதது எல்லாம் அந்த லிஸ்ட்டுல இருக்கு. அதே ஆய்வுல தெற்காசியாக்காரங்களுக்கு மொத மாரடைப்பு வர்ற வயசு நடுவாந்தரமா 53, மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59. உங்க அப்பா வயசு 52. ஆம்பளைக்கு 55 வயசுக்குள்ள மாரடைப்புன்னா அது புள்ளைங்களுக்கும் ஒரு எச்சரிக்கைன்னுதான் நாங்க எடுத்துக்குவோம்.

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம். அந்த எல்டிஎல் 158 நேரா அளந்தது கெடையாது, கணக்கு போட்டது. மொத்தம் 238-ல நல்ல கொழுப்புன்னு சொல்ற எச்டிஎல் 36-ஐ கழிச்சு, ரத்தத்துல ஓடற இன்னொரு வகை கொழுப்பான ட்ரைகிளிசரைடு 220-ல அஞ்சுல ஒரு பங்கு 44-ஐயும் கழிச்சா வர்றது 158. ட்ரைகிளிசரைடு 400-ஐ தாண்டிட்டா இந்த கணக்கே நிக்காது. அதனால நான் இன்னொண்ணும் பாப்பேன், மொத்தத்துல நல்ல கொழுப்ப மட்டும் கழிச்சா 202 வருது, அவ்ளோவும் சுவத்துக்குள்ள போகக்கூடிய சரக்கு. எச்டிஎல் கம்மி, ட்ரைகிளிசரைடு ஜாஸ்திங்கற இந்த ஜோடி நம்ம ஆளுங்கள்ட்ட ரொம்ப சகஜம், சோறு, இனிப்பு, தொப்பை, தண்ணி அடிக்கறது எல்லாம் சேந்து பண்றது. எச்டிஎல்ல மாத்திர போட்டு ஏத்தலாம்னு கம்பெனிங்க கோடிக்கணக்குல செலவு பண்ணி பாத்தாங்க, நம்பர் ஏறுச்சு, மாரடைப்பு கொறையல. நடந்து, பீடிய விட்டு தானா ஏறுனாத்தான் உண்டு.

சாப்பாட்டுல கொறைக்கலாமான்னா கொறைக்கலாம், ஆனா 158-ஐ சாப்பாடு மட்டும் வெச்சு நூறுக்கு கீழ கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். உங்க அப்பா கதை, பீடி ரெண்டையும் சேத்து பாத்தா நானா இருந்தா மாத்திரைய எழுதிருவேன். அதுக்கு முன்னாடி பிரஷர், சுகர், தைராய்டு மூணையும் பாருங்க, தைராய்டு கம்மியா சுரந்தா எல்டிஎல் தானா ஏறும், அத சரி பண்ணாலே சில பேருக்கு நல்லா எறங்கிரும். லைப்போபுரோட்டீன் (a) அப்படின்னு ஒரு ரத்த டெஸ்ட்டு இருக்கு, அது பரம்பரையா வர்றது, வாழ்க்கைல ஒரு தடவ எடுத்தா போதும், அப்பாவுக்கு இப்படி ஆனவங்க கண்டிப்பா எடுக்கணும்.

பீடி? "கொறைச்சிருக்கேன் டாக்டர்"னு சொல்லாதீங்க. விட்டு ஒரு வருஷத்துல மாரடைப்பு ஆபத்து கிட்டத்தட்ட பாதியா எறங்கிருது, நான் எழுதிக் குடுக்கற எந்த மாத்திரைக்கும் அந்த பலம் கெடையாது.

"ரேஷன் பாமாயில் நல்லதில்லங்கறாங்க, கடைல வாங்கற பாக்கெட்டுல 'கொலஸ்ட்ரால் இல்லாதது'ன்னு போட்டிருக்கு. எந்த எண்ணெய் வாங்கறது?" (பாலக்கோட்டிலிருந்து ஒரு இல்லத்தரசி)

அக்கா, செடில இருந்து வர்ற எந்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கெடையாது, அது மாடு, ஆடு, கோழி, மீனுன்னு பிராணிங்கள்ட்ட இருந்து வர்றதுல மட்டுந்தான் இருக்கும். பாக்கெட்டுல அத பெருசா போடறது, தக்காளி மேல "எலும்பு இல்லாதது"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கற மாதிரி.

பாக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது எல்டிஎல்ல ஏத்தற வகை, எவ்ளோன்னு. தேங்கா எண்ணெய்ல நூறுல தொண்ணூறு பங்கு அது, பாமாயில்ல கிட்டத்தட்ட பாதி, கடலெண்ணெய், நல்லெண்ணெய்ல அஞ்சுல ஒரு பங்கோ அதுக்கும் கீழயோதான். அதனால தெனப்படி சமையலுக்கு கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் மாத்தி மாத்தி போதும். பாமாயில கொட்டிருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வீட்டு பட்ஜெட்டு எனக்கும் தெரியும், பண்டிகைக்கு பலகாரம் சுட வெச்சுக்கோங்க. ஆனா அளவு முக்கியம். ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர், நாலு பேரு வீட்டுக்கு ரெண்டு லிட்டர். இத சொன்னா எல்லாருமே சிரிக்கறாங்க, "அது ஒரு வாரத்துக்கு சார்"னு.

அப்பறம் போண்டா கடை சட்டி. காலைல ஊத்துன எண்ணெய் சாயந்தரம் கருப்பா நொரை தள்ளும், அதுலயே பஜ்ஜி போடுவாங்க. வீட்டுல செக்கு எண்ணெய் வாங்கிட்டு டெய்லி சாயந்தரம் அங்க ரெண்டு தின்னா கணக்கு எப்படி தாளும். பேக்கரி பப்ஸ்ல டால்டா. கொழுப்பு, எண்ணெய்ல மாற்றுக்கொழுப்பு (டால்டால இருக்கற டிரான்ஸ் ஃபேட்) 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2022-ல இருந்து சட்டமே இருக்கு, அதுக்காக பப்ஸ் பழமாயிருமா.

"களி தின்னவனுக்கு நோயே வராதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, 90 வயசு வரைக்கும் இருந்தாரு. எனக்கு 41 வயசுல சுகரும் கொழுப்பும் வந்திருச்சு. நானும் களிதான் திங்கறேன்." (அரூர் வாசகர்)

தம்பி, தாத்தா களி தின்னுட்டு என்ன பண்ணாருன்னு சொல்லலியே. ஏரு ஓட்டி, கெணத்துல எறச்சு, சந்தைக்கு நடந்தே போய்ட்டு வந்திருப்பாரு. நீங்க களி தின்னுட்டு வண்டில ஆபீஸ் போய் உக்காந்திருப்பீங்க. இன்னொண்ணு, 90 வயசு வரைக்கும் இருந்த தாத்தாவத்தான் நமக்கு தெரியும், அவரு கூட பொறந்து அம்பதுல "திடீர்னு மாரடைச்சு" போனவங்கள யாரும் கதையா சொல்றதில்ல.

அதுக்காக களிய நான் விட்டுக்குடுக்க மாட்டேன், நானும் அதத்தான் திங்கறேன். 100 கிராம் கேழ்வரகுல 11 கிராம் நார்ச்சத்து, பாலிஷ் போட்ட அரிசில 3 கிராம் கூட தேறாது. இந்த நாரு என்ன பண்ணுதுன்னா, அதுல கரையற வகை ஒண்ணு இருக்கு, அது கொடல்ல பித்தநீர புடிச்சு வெளிய தள்ளிரும், கல்லீரலுக்கு புதுசா பித்தநீர் செய்யணும்னா கொலஸ்ட்ரால் வேணும், அத ரத்தத்துல இருந்து இழுத்துக்கும். கொள்ளு, அவரக்கொட்டை, காராமணின்னு சொல்ற தட்டப்பயிறுல இந்த வகை நல்லா இருக்கு. அதனால களிய விட களிக்கு தொட்டுக்கறதுதான் எனக்கு முக்கியம். கொள்ளு கடைசலோ, கடைஞ்ச கீரையோ, அவரக்கொட்டை குழம்போ நெறையா ஊத்திக்கிட்டு ஒரு சின்ன உருண்டை. இப்ப நடக்கறது என்னன்னா பெரிய உருண்டை ரெண்டு, அதுக்கு கறிக்கொழம்பு, மேல எண்ணெய் மெதக்கும். மாவையும் மைதா மாதிரி நைசா அரைச்சு வெச்சிருப்பாங்க, சுகர் சட்டுனு ஏறும். கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சு வாங்குங்க, சாமையையும் நடுநடுவுல சேத்துக்கோங்க.

பயறு, கீரை, நாரு எல்லாம் ஒழுங்கா சேத்தா எல்டிஎல் ஒரு அஞ்சுல இருந்து பத்து சதவீதம் எறங்கும். சின்னதா தெரியும், ஆனா செலவே இல்லாம வருஷக்கணக்குல எறங்கி நிக்கற நம்பரு அது.

"முட்டை மஞ்சக்கருவ தூக்கி போடணுமா?"

வேண்டாம். நாளைக்கு ஒண்ணு தாராளமா. அமெரிக்கா கூட 2015-ல "நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல கூடாது"ங்கற பழைய அளவ எடுத்துட்டாங்க. சுகரோ மாரடைப்போ ஏற்கனவே இருக்கறவங்க மட்டும் மூணு நாலு முட்டைய ஆம்லெட்டா போட்டு பரோட்டா கூட திங்காதீங்க, அதுல முட்டைய விட பரோட்டா மேலதான் எனக்கு கோவம்.

"ஓசூர்ல ஷிப்ட் வேலை, வயசு 31, எடை 54 கிலோ, ஒல்லிதான். எல்டிஎல் 214-ன்னு வந்திருக்கு. கண்ணு இமைல மஞ்சளா சின்னதா கட்டி, எங்க அம்மாவுக்கும் இருக்கு. லேப்ல தப்பா போட்டிருப்பாங்களா?"

இன்னொரு தடவ எடுத்து பாருங்கம்மா, ஆனா தப்புன்னு நான் நெனைக்கல. இந்த வயசுல 190-க்கு மேல எல்டிஎல், இமைல மஞ்சள் படிவு, அம்மாவுக்கும் அதேன்னா பரம்பரையா வர்ற கொலஸ்ட்ரால் நோயா இருக்கலாம். சுமாரா 250 பேருல ஒருத்தருக்கு இது இருக்கு, பல பேருக்கு தெரியறதே இல்ல. மேல ஒரு அண்ணனுக்கு மாங்கா லாரி கதை சொன்னேன்ல, உங்களுக்கு எறக்கற கொக்கியே பொறவிலயே பாதிதான், நீங்க கஞ்சி குடிச்சாலும் லாரி நிக்கும். அந்த கொக்கிய கண்டுபுடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன்ங்கற ரெண்டு பேருக்கும் 1985-ல நோபல் பரிசு குடுத்தாங்க, அவங்க ஆராய்ச்சி ஆரம்பிச்சதே உங்கள மாதிரி குடும்பங்கள வெச்சுத்தான்.

உங்க தப்பு எதுவும் இல்ல இதுல. ஆனா சும்மா விடக்கூடாது, பொறந்ததுல இருந்தே ரத்தத்துல ஜாஸ்தியா ஓடுனதால நாப்பதுலயே மாரடைப்பு வர வாய்ப்பு உண்டு. அம்மா, கூடப்பொறந்தவங்க, குழந்தைங்க இருந்தா அவங்க எல்லாருக்கும் ரத்தம் எடுங்க. மாத்திர கண்டிப்பா வேணும், குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா மொதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, கர்ப்ப காலத்துல அத பொதுவா நிறுத்திருவோம். நைட் ஷிப்ட்டு முடிச்சு வந்தா மொபைல பாக்காம தூங்குங்க, தூக்கம் கெட்டா பிரஷரும் சுகரும் ஏறும், உங்களுக்கு அது ரெண்டும் சேரவே கூடாது.

"வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எல்டிஎல் 62-க்கு வந்திருச்சு. வாட்ஸப்புல இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் காய்ச்சி குடிச்சா அடைப்பு கரைஞ்சிரும்னு வந்துச்சு. அட்டோர்வாஸ்டாட்டின நிறுத்திட்டு மூணு மாசமா அதத்தான் குடிக்கறாரு. மாத்திரையால கை கால் வலிக்குதுங்கறாரு." (பென்னாகரம்)

இந்த கேள்விக்கு நான் தனியா லெட்டரும் போட்டுட்டேன், அவ்ளோ பதறிருச்சு.

62 வந்தது மாத்திரையாலதான். நிறுத்துனா சில வாரத்துலயே பழைய எடத்துக்கு போயிரும், கொடை புடிச்சு நனையலன்னு கொடைய மடக்குன கதை. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு 70-க்கு கீழ, முடிஞ்சா 55-க்கு கீழ இருக்கணும்னுதான் இப்ப பாக்கறோம், அவருக்கு இன்னும் கொஞ்சம் எறக்கணும், இவரு நிறுத்திட்டாரு.

அந்த கஷாயம் எந்த அடைப்பையும் கரைச்சதா ஆதாரம் இல்ல. பூண்டு லேசா கொலஸ்ட்ரால கொறைக்கும், சமையல்ல போட்டு சாப்பிடட்டும், நல்லது. "செயற்கை மருந்து வேண்டாம்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஸ்டாட்டின், அதான் அட்டோர்வாஸ்டாட்டின் மாதிரி கொலஸ்ட்ரால் மாத்திரைங்க, மொதல்ல கெடைச்சதே பூஞ்சைல இருந்துதான். அகிரா எண்டோன்னு ஒரு ஜப்பான் விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைய சலிச்சு 1970-கள்ல கண்டுபுடிச்சாரு, பென்சிலின் வந்த அதே பூஞ்சை குடும்பம். 1994-ல வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வுல ஏற்கனவே இதய நோய் இருந்த 4444 பேரு, ஸ்டாட்டின் போட்டவங்கள்ல சாவு 30 சதவீதம் கொறைஞ்சுது.

வலி பொய்யின்னு சொல்ல மாட்டேன், வலிக்கறவருக்கு வலிக்குது. ஆனா லண்டன்ல 2020-ல ஒரு ஆய்வு, வலின்னு ஸ்டாட்டின விட்டவங்க 60 பேருக்கு நாலு மாசம் ஸ்டாட்டின், நாலு மாசம் அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திர, நாலு மாசம் ஒண்ணுமே இல்லன்னு கலந்து கலந்து குடுத்தாங்க. ஸ்டாட்டின்ல வந்த வலில பத்துல ஒம்போது பங்கு வெறும் மாத்திரைலயும் வந்துச்சு. பாதி பேரு திரும்ப ஸ்டாட்டினுக்கே வந்துட்டாங்க. நெசமா தசை பாதிக்கறது சில பேருக்கு உண்டு, அதுக்கு சிபிகேன்னு ஒரு ரத்த டெஸ்ட்டு பாத்து, டோஸ கொறைச்சோ வேற ஸ்டாட்டின் மாத்தியோ எசெட்டிமைப்ங்கற வேற வகை கொலஸ்ட்ரால் மாத்திர சேத்தோ சமாளிக்கலாம். சுகர் லேசா ஏறலாம்ங்கறதும் உண்மை, மாரடைப்ப தடுக்கற லாபம் அத விட பெருசு. வலியோட ஒண்ணுக்கு காப்பி கலர்ல போனா மட்டும் அன்னிக்கே நிறுத்திட்டு ஓடி வாங்க, அது ரொம்ப அபூர்வம்.

இன்னிக்கே கூட்டிட்டு போங்கம்மா. ரத்தம் கட்டாம இருக்க குடுக்கற ஆஸ்பிரின் வகையறாவையும் சேத்து நிறுத்திட்டாரான்னு மொதல்ல கேளுங்க, அதான் எனக்கு பெரிய பயம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்து குடுக்கற மக்களைத் தேடி மருத்துவம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல சாமனப்பள்ளிலதான் 2021 ஆகஸ்ட்டு 5-ல ஆரம்பிச்சாங்க, அந்த அக்காங்க வரும்போது இவரு மாத்திரைய ஒழுங்கா போடறாரான்னு ரெண்டு வார்த்த கேக்க சொல்லுங்க. பொண்டாட்டி சொன்னா கேக்காத ஆம்பளைங்க அவங்க சொன்னா கேக்கறாங்க, பாத்திருக்கேன்.

"ராத்திரில நெஞ்சு வலி வந்தா வாய்வா மாரடைப்பான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? எங்க ஊருல இருந்து ஊத்தங்கரைக்கே 14 கிலோமீட்டர்."

வீட்டுல உக்காந்து தெரிஞ்சுக்க முடியாது, எனக்கே ஈசிஜி இல்லாம தெரியாது. நான் பாத்த ஒருத்தரு, ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிச்ச வலிக்கு ரெண்டு சோடா, ஓமத்தண்ணி, இஞ்சிச்சாறு, அப்பறம் பக்கத்து வீட்டுக்காரரு குடுத்த ஜெலுசில், எல்லாம் முடிச்சு விடிகாலைல வந்தாரு. பொழைச்சாரு, ஆனா இதயத்துல ஒரு பகுதி செத்துப்போச்சு, இப்ப மாடிப்படி ஏற முடியல.

நடு நெஞ்சுல பாரம் வெச்ச மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவறது, குப்புனு வேர்வை, இதுல எது இருந்தாலும் வாய்வுன்னு தள்ளாதீங்க. பொம்பளைங்களுக்கும் சுகர்காரங்களுக்கும் வலியே இல்லாம மூச்சு வாங்கல், வாந்தி, அசதின்னு மட்டும் வரலாம்.

108-க்கு போன் பண்ணுங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தா அங்க போங்க, 2023-ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல அங்கயே 14 மாத்திர குடுத்து அனுப்பறாங்க, ஆஸ்பிரின் 2, அதே மாதிரி ரத்தம் கட்டாம இருக்க குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. அட, அட்டோர்வாஸ்டாட்டினேதான், பென்னாகரத்து வீட்டுக்காரரு நிறுத்துனாரே அதே மாத்திர. அடைப்ப தெறக்க ஊசியோ ஆஞ்சியோபிளாஸ்டியோ எவ்ளோ சீக்கிரம் கெடைக்குதோ அவ்ளோ தசை பொழைக்கும்.

வலிக்கற ஆள நடக்க விடாதீங்க, பைக்ல ஏத்தாதீங்க. சாஞ்சு உக்கார வைங்க. என்னென்ன மாத்திர சாப்புடறாருன்னு அந்த கவர எடுத்து வெச்சுக்கோங்க. அப்பறம் வாசல் லைட்ட போட்டுட்டு ஒரு ஆளு மெயின் ரோட்டுல போய் நில்லுங்க, தோட்டத்து வீடுங்கள்ல ராத்திரில வண்டி வழி தேடறதுலயே கால் மணி நேரம் போயிருது.